அப்பா படம், சாமி படம், புது வீட்டுச் சுவர்: எதை, யாரிடம் வரையச் சொல்வது?

கும்பகோணத்தில் எங்களுக்குப் பிரேம் கடை. அப்பா காலத்தில் காலண்டர் சாமிக்கும் கல்யாண போட்டோவுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்த கடை. இப்போது ஆள் வைத்து வரைந்து வாங்கிய படங்களும் நிறைய வருகின்றன. வாங்கியவர்கள் படத்தின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்; என் கண் போவது அதன் முதுகுக்கு. பலகை எது, துணி எது, ஓதம் எங்கே ஏறியிருக்கிறது, செல் எந்த மூலையில் அரித்திருக்கிறது என்று அங்கேதான் தெரியும். அதனாலோ என்னவோ, வரையக் கொடுக்கும் முன் என்னிடம் வந்து கேட்கிறவர்கள் அதிகம்.

போன மாதம் மட்டும் மூன்று பேர். பாபநாசத்துச் சித்தப்பா மகன் வீடு கட்டியிருக்கிறான்; கூடத்தில் ஒன்பதடிச் சுவர் மொட்டையாக நிற்கிறது. மயிலாடுதுறை நண்பரின் பெற்றோருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம், பரிசாக ஒரு படம் வேண்டும். மன்னார்குடி அத்தைக்கு மாமா தவறி நாலு நாள். பதினாறாம் நாள் படத்திறப்பு. "தம்பி, தஞ்சாவூர் படம் மாதிரி தங்கம் வெச்சுப் போட்டுடலாமா, இல்ல அவரு மொகமாவே இருக்கட்டுமா?" என்று போனில் கேட்டார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டவை அதே ஐந்து கேள்விகள்தான்.

## ஓவியரைத் தேடும் முன்

என்றைக்கு வேண்டும்? முகூர்த்தத் தேதியோ படத்திறப்போ நமக்காகத் தள்ளிப்போகாது. பாதி தேர்வை இந்த ஒரு கேள்வியே முடித்துவிடும்.

யாருடைய முகம்? சாமி முகத்துக்கு இலக்கணம் இருக்கிறது. அப்பாவின் முகத்துக்கு இலக்கணம் வீட்டில் இருக்கும் நாலு பேரின் ஞாபகம். இரண்டும் வேறு வேறு கை.

எந்தச் சுவர்? நம் பக்கம் இதை விட்டுவிட்டுப் பேசவே கூடாது. ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். நிலத்தடி நீர் கிட்டத்தில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பழைய வீட்டுச் சுவர்கள் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பொரிந்து, உப்புப் பூத்து நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உரித்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோத்திருந்தால் பணத்தை முதலில் கொத்தனாருக்குக் கொடுங்கள், ஓவியருக்கு அப்புறம்.

பொட்டும் மாலையும் உண்டா? இதை யாருமே யோசிப்பதில்லை. வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்துகிற வீடு என்றால் படத்துக்குக் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படத்துக்கு வழக்கமாகக் கண்ணாடி போடுவதில்லை. ஈரச் சந்தனம் நேராக வண்ணத்தின் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். நெற்றியில் வைத்த பொட்டைத் துடைக்கத் துடைக்க, நெற்றியும் சேர்ந்து வந்தது.

எந்தக் கட்டம் வரை திருத்தலாம்? "பிடிக்கலைன்னா மாத்திக் கொடுப்பீங்கள்ல?" என்று எல்லோரும் கேட்கிறோம். எது வரைக்கும் என்று கேட்பதில்லை.

விலை இதற்கெல்லாம் பின்னால்தான் வர வேண்டும். இந்த ஐந்தும் தெரியாமல் கேட்கிற விலை வெறும் எண்.

## தஞ்சாவூர் ஓவியம்

இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்த கலை. பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுக்கான் மாவும் (சுண்ணாம்புக்கல் தூள்) பசையும் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, பிறகு கோடு எழுதுவார்கள். கல் பதித்து, மக்கு என்கிற மாவுப் பசை வைத்து நகையையும் மண்டபத்தையும் மேடாக எழுப்பி, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டி, அதற்கப்புறம்தான் வண்ணம். முகமும் கண்ணும் கடைசி. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தாக வேண்டும். அடைமழையில் அது லேசில் காயாது. தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விலை அளவை வைத்துச் சொல்லப்படும். ஏற்ற இறக்கமெல்லாம் ரேக்கில் இருக்கிறது. அசல் தங்க ரேக்கு கறுக்காது. செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கு கடையில் இன்னும் பளபளப்பாகக்கூடத் தெரியும். சில மழைக்காலம் போனதும் கறுத்து, ஓரத்தில் பச்சை பூக்கும். பட்டறையில் ஒட்டுவதற்கு முன் ரேக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் எத்தனை காரட் என்று எழுதி வாங்குங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது இந்த மண்ணின் கலை என்பதற்கான சான்று. உங்கள் படத்தில் ஒட்டியிருப்பது எத்தனை காரட் என்பதற்கு பில்தான் சான்று.

பலகையையும் கேளுங்கள். முன்பு பலா, தேக்கு. இப்போது பெரும்பாலும் பிளைவுட். பிளைவுட் தப்பில்லை, வாட்டர்ப்ரூஃப் ரகமாக இருக்க வேண்டும். மட்டமான பலகை வளைந்தால் மக்கு விரிசல் விடும், கல் உதிரும்.

கண்ணாடி விஷயத்தில் என் கையாலேயே ஒரு தவறு நடந்திருக்கிறது. பத்து வருடம் இருக்கும். ஒருவர் நவநீத கிருஷ்ணன் படம் கொண்டுவந்தார். அவசரத்தில் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டினாற்போல் வைத்துச் சட்டம் அடித்துவிட்டேன். இரண்டு மழை கழித்து, உள்ளே ஏதோ பூசணம் மாதிரி இருக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்தார். கண்ணாடியை மெல்லத் தூக்கினேன். வெண்ணெய்த் தாழியின் வயிற்றிலிருந்த தங்கம் அப்படியே கண்ணாடியோடு வந்தது. தாழி இருந்த இடத்தில் வெள்ளைச் சுக்கான் பல்லிளித்தது. அன்றிலிருந்து கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அரை அங்குல ரீப்பர் (மரச் சட்டத் துண்டு) வைக்காமல் நான் தஞ்சாவூர் படத்தைத் தொடுவதில்லை. நீங்கள் எங்கே சட்டம் போட்டாலும் இதைக் கேட்டுச் செய்யுங்கள். பின்பக்கம் நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும்.

எப்போது இதையே எடுக்கலாம்? சாமி படம், பூஜை அறை அல்லது காய்ந்த உள்சுவர், மூன்று நாலு மாத அவகாசம், தலைமுறைக்கும் இருக்க வேண்டும் என்ற ஆசை. இந்த நாலும் கூடினால் யோசிக்கவே வேண்டாம்.

எப்போது வேண்டாம்? அப்பாவின் முகம் வேண்டும் என்கிறபோது. மராட்டிய மன்னர்களின் உருவப்படங்கள்கூட இந்தப் பாணியில் உண்டு, உண்மைதான். ஆனால் இந்தப் பாணி முகத்தை உருட்டி, கண்ணை நீட்டி, கன்னத்தைப் பூரிக்க வைக்கும். ஒட்டிய கன்னமும் வெயிலில் கறுத்த கழுத்துமாக வயலில் நின்ற மனிதரை அதில் தேடினால் கிடைக்க மாட்டார். தங்கத்துக்குக் கொடுக்கிற காசை முகத்துக்குக் கொடுங்கள் என்றுதான் அத்தையிடம் சொன்னேன்.

## கையால் வரையும் உருவப்படம்

கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பதால் நமக்கு இதில் வசதி. அங்கே படித்துவிட்டு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வரைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களின் படங்களைப் போனில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வரைந்த படத்தையும் அதற்குக் கொடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அழகான படம் வேறு, அந்த ஆளே இருக்கிற படம் வேறு.

எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா என்பது பெரும்பாலும் தேதியைப் பொறுத்தது. அக்ரிலிக் மணிக்கணக்கில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்கு வரவே நாள்கணக்கு, சில வண்ணங்களுக்கு வாரக்கணக்கு ஆகும். உள்ளேயும் காய்ந்து கடைசி வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது விடுவது வழக்கம். தோலின் நிறமும் நிழலும் எண்ணெயில் குழைந்து வருகிற அழகு தனி, அதில் சந்தேகமில்லை. பதினாறு நாளில் வேண்டும் என்றால் அந்த அழகை மறந்துவிடுங்கள். பென்சில், கரித்துண்டு வரைபடம் இன்னும் வேகம். தாளில் வரைவதால் கண்ணாடியும் போடலாம், பொட்டும் வைக்கலாம்.

திருத்தம் செய்ய இதைப் போல் வசதி வேறெதிலும் கிடையாது. காய்ந்த பிறகும் மேலே வரையலாம். மேலே மேலே வரைவது நம் ஊருக்குப் புதுசா என்ன? தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் வரைந்துவிட்டார்கள், 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும் வரை கீழே இருப்பது வெளியுலகுக்குத் தெரியவில்லை. ஆனால் ஓவியருக்கு ஒவ்வொரு திருத்தமும் ஒரு நாள் வேலை. எத்தனை முறை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதில் பெரிய மறைசெலவு போட்டோ. பலரிடம் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த தபால்தலை அளவுப் படம், அல்லது கல்யாணக் கும்பலில் மூன்றாம் வரிசையில் பாதித் தலை. இல்லாத காதை ஓவியர் எங்கிருந்து வரைவார்? பழைய போட்டோவைக் கண்ணாடியோடு சேர்த்துப் போனில் படம் எடுக்காதீர்கள். கழற்றி ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

அப்புறம் செல்ஃபி. எங்கள் பாட்டியின் படத்தை வரையக் கொடுத்தபோது தங்கை போனில் இருந்த செல்ஃபி ஒன்றைத்தான் அனுப்பினோம். சிரிப்பு அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது. படம் வந்தது. எல்லாம் சரி, ஆனால் பாட்டி இல்லை. அரை மணி நேரம் பார்த்த பிறகு அம்மாதான் கண்டுபிடித்தார்: "மூக்குத்தி எடது பக்கம் இருக்குடா." செல்ஃபி கண்ணாடி மாதிரி இடவலம் மாறி விழுந்திருக்கிறது. மூக்குத்தி, மாராப்பு, கன்னத்து மரு எல்லாமே பக்கம் மாறிவிட்டன. மூக்குத்தியை மட்டும் மாற்றினால் போதாது, முகமே திரும்ப வேண்டும். புதிதாகத்தான் வரைய வேண்டியிருந்தது, காசும் எங்களுடையதுதான். ஓவியர் மேல் ஒரு தப்பும் இல்லை, கொடுத்ததை வரைந்தார்.

## கான்வாஸ் பிரிண்ட்

இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். நாலு நாளில் படத்திறப்பு என்றால் இதுதான் வழி. பழைய போட்டோவைச் சரிசெய்து, பின்னணியை மாற்றி, மாலைக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். முகம் போட்டோவில் உள்ளபடியே இருக்கும்.

இருக்கும் என்றுதான் போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மங்கலான படத்தை ஏஐயில் போட்டுத் தெளிவாக்குகிறார்கள். அது தெரியாத இடத்தைத் தானாக இட்டுக்கட்டும். பல்வரிசை சீராகிவிடும், கண்ணில் இல்லாத ஒளி வந்துவிடும், அப்பா அவருடைய தம்பி மாதிரி ஆகிவிடுவார். பிரிண்ட் போடும் முன் வீட்டில் மூத்த பெண்மணி ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் சரி. பிரிண்ட் போட்ட பிறகு திருத்தம் என்பது இன்னொரு பிரிண்ட்.

சாய மையில் அடித்த பிரிண்ட் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளிறும். பிக்மெண்ட் மை ரொம்ப நாள் தாங்கும். எந்த மை என்று கேட்டால் கடைக்காரர் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. பிரிண்ட்டின் மேல் கெட்டியான ஜெல்லைத் தூரிகையால் தடவிவிட்டு "கையால் வரைந்தது" என்று விற்பது நடக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தூரிகைத் தடம் ஒரு பக்கம் போக, அடியில் உள்ள உருவம் வேறு பக்கம் போகும். பூதக்கண்ணாடி வைத்தால் மைப்புள்ளி தெரியும்.

## கருப்பூர் கலம்காரி

ஒன்பதடிச் சுவர்க்காரனுக்கு நான் சொன்னது இது. கொள்ளிடத்துக்கு இருகரையிலும் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை பக்கம் சில குடும்பங்கள் இன்னும் இதைச் செய்கின்றன; 2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலில் தொங்கவிடும் தொம்பையும் (குழல் வடிவத் துணி) விதானமும் எழுதி வந்த கை. பருத்தித் துணியில் எழுதுகோலால் கோடு, இயற்கைச் சாயம்.

பெரிய பரப்புக்கு இது பொருத்தம். கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்லலாம். திருவாரூர்க் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் என்ற புராண அரசனின் கதை ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குலதெய்வம், ஊர்த் தேர், வீட்டு முன்னோர் நாற்று நடுகிற காட்சி என்று கேட்டுப் பேசலாம். சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், உடையாது. வெயில் நேராக விழும் இடம் மட்டும் ஆகாது. முகச்சாயல் இதில் எதிர்பார்க்கக் கூடாது. துணி நீளத்துக்குச் சொல்லும் விலையோடு சட்டமும் கண்ணாடியும் சேராது. ஒன்பதடிக்குக் கண்ணாடி என்றால், என் வியாபாரம் போனாலும் சொல்கிறேன், போடாதீர்கள். மேலும் கீழும் மூங்கில் கொடுத்துத் தொங்கவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | தஞ்சாவூர் ஓவியம் | கைவரை உருவப்படம் | கான்வாஸ் பிரிண்ட் | கலம்காரி |
|---|---|---|---|---|
| முகச்சாயல் | வராது | ஓவியரையும் போட்டோவையும் பொறுத்தது | போட்டோ அளவுக்கு | வராது |
| அவகாசம் | மாதங்கள் | வாரங்கள். எண்ணெய் என்றால் இன்னும் அதிகம் | ஓரிரு நாள் | வெயிலைப் பொறுத்து, வாரங்கள் |
| திருத்தம் | கோட்டுக் கட்டம் வரை | ஏறக்குறைய கடைசி வரை | அச்சுக்கு முன் மட்டும் | முதல் கோட்டுக்கு முன் |
| பொட்டு, மாலை | கண்ணாடி மேல் | கான்வாஸ் ஆகாது. தாள் என்றால் கண்ணாடி மேல் | கண்ணாடி போட்டால் | வேண்டாம் |
| எதிர்பாராத செலவு | ரேக்கு தரம், சட்டம், பெட்டி | புதுத் திருத்தம், நல்ல போட்டோ | மறு அச்சு | தொங்கவிடும் ஏற்பாடு |

## பேசி எழுத வேண்டியவை

முன்பணம் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாளாவது எழுதிக்கொள்ளுங்கள். அளவு சட்டத்தோடா, சட்டம் இல்லாமலா? இதில்தான் சண்டை அதிகம். சொன்ன அளவு ஓவியத்தினுடையது. செட்டிநாட்டுச் சட்டம் நாலு பக்கமும் சில அங்குலம் தின்னும். மாடத்துக்குள் வைக்க அளந்து சொல்லிவிட்டு, படம் வந்ததும் மாடத்தை இடித்தவர்களை எனக்குத் தெரியும். பென்சில் கோட்டை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை என்று வையுங்கள்.

உரிமை பற்றிச் சிலர் கேட்கிறார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அழைப்பிதழில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் இதை வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவுப்படி ஓவியரிடமே இருக்கிறது. மூலையில் கையெழுத்துப் போட்டால் முகம் சுளிக்காதீர்கள். தேவாசிரிய மண்டபத்தில் வரைந்த சிங்காதனம் தன் பெயரை எழுதி வைத்ததால்தானே அவர் பெயர் நமக்குத் தெரிகிறது!

வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்புவதாக இருந்தால் தேதி போட்ட பில் கட்டாயம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளியே அனுப்ப 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. பழையது போல் தோன்றும் தஞ்சாவூர் படத்துக்கு விமான நிலையத்தில் கேள்வி வந்தால் அந்த பில் பேசும். கண்ணாடியையும் இங்கே போடாதீர்கள், போகிற ஊரில் போட்டுக்கொள்ளட்டும்.

மயிலாடுதுறை நண்பர் தஞ்சாவூர் ஓவியம்தான் எடுத்தார்: அபிராமியும் அமிர்தகடேஸ்வரரும். சதாபிஷேகத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. சித்தப்பா மகன் கலம்காரி பார்க்கப் போயிருக்கிறான். அவன் மனைவிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அத்தை பதினாறாம் நாளுக்குக் கண்ணாடி போட்ட பிரிண்ட் வாங்கிக்கொண்டார். மழை விட்டதும் மாமாவைத் தலைப்பாகையோடு களத்துமேட்டில் நிற்கிற மாதிரி எண்ணெய் வண்ணத்தில் வரையக் கொடுக்கப் போகிறார்.

"அதுக்குப் பொட்டு வைக்கலாமா?"

"வைக்கக் கூடாது அத்தை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, அவரு கூடத்துல நிக்கட்டும். பொட்டு இந்தக் கண்ணாடிக்காரருக்கு."